நாய்த்தெள்ளுத் தடுப்பு மருந்துகள்: மதுரைச் சமவெளிக்கு எது பொருந்தும்

நாயின் மேல் கண்ணுக்குத் தெரியும் தெள்ளுப்பூச்சி, அந்த வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் இருபதில் ஒரு பங்குதான் என்பது பூச்சியியலாரின் பொதுவான மதிப்பீடு. வளர்ந்த பூச்சி மட்டுமே நாயின் உடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும், திண்ணை வெடிப்பிலும், மாட்டுக்கொட்டத்து மண்ணிலும் கிடக்கின்றன. ஆகவே நாய்க்கு எந்தப் பூச்சி தொல்லை கொடுக்கிறது, அது எங்கே பெருகுகிறது, நாயோடு ஒரே இடத்தில் வேறு என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்பவை தெரிந்த பிறகுதான் மருந்தின் பெயருக்கே வர முடியும். மதுரை நகரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள், குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகளிலிருந்து பெரிதும் மாறுபடுகின்றன.

உலகெங்கும் நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பூனைத்தெள்ளு எனப்படும் டெனோசெஃபலைடிஸ் ஃபீலிஸ். நாயின் பெயரையே தாங்கிய டெனோசெஃபலைடிஸ் கேனிஸ் அதைவிட அரிது. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இவற்றோடு டெனோசெஃபலைடிஸ் ஓரியன்டிஸ் என்ற இனமும் பரவலாக உண்டு. இது நாயோடு நிற்பதில்லை. ஆட்டையும் கன்றையும் கடிக்கும். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக்கொட்டகைக்கும் நாய் படுக்கும் இடத்துக்கும் நடுவே பல வீடுகளில் சுவர்கூடக் கிடையாது. அங்கே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, “மருந்து வேலை செய்யவில்லை” என்று கடைக்காரரைக் குறைசொல்வதில் பொருளில்லை. குட்டி ஆடுகள் தெள்ளுக்கடியில் இரத்தம் இழந்து வெளிறிப்போவதும் அதே கொட்டகையில்தான் நடக்கிறது.

தெள்ளின் வாழ்க்கைச் சுற்று, மருந்தின் பலம் எங்கே முடிகிறது என்பதைக் காட்டிவிடும். பெண் தெள்ளு நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. உச்சத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள்வரை இடும். முட்டை வழுவழுப்பானது, மயிரில் ஒட்டாது, நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் உதிரும். சில நாளில் பொரிக்கும் புழு, வளர்ந்த தெள்ளின் எச்சத்தைத் தின்றே வளர்கிறது. அந்த எச்சம் உலர்ந்த இரத்தமே. பிறகு புழு பிசுபிசுப்பான கூடு கட்டி, மண்ணையும் தூசியையும் மேலே ஒட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியைப் பெரும்பாலான தெளிமருந்துகள் எட்டுவதில்லை. அதிர்வோ, வெப்பமோ, மூச்சுக்காற்றின் கரியமில வாயுவோ படும்வரை அது மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான்.

மதுரையின் வெயில் இந்தச் சுற்றில் ஒரு பெரிய தடை. தெள்ளுப்புழு 35 டிகிரி செல்சியசுக்கு மேல் தாங்காது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் உலர்ந்து சாகும். சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும் ஊரில், வெட்டவெளி முற்றத்தில் தெள்ளு பெருக வழியே இல்லை. ஆனால் நாய் வெட்டவெளியில் படுப்பதில்லையே. மாடிப்படிக்கு அடியிலும், தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும், வைக்கோற்போர் நிழலிலும்தான் கோடையைக் கழிக்கிறது. நாய் தேடும் அதே குளிர்ச்சி புழுவுக்கும் உதவுகிறது. ஆண்டுக்கு 850 மி.மீ. அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆவணி, புரட்டாசி இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையிலும் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் காற்றில் ஈரம் ஏறுவதால் தெள்ளு பெருகுகிறது. மார்கழி, தை இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், குளிர்நாடுகளைப் போலப் பனிக்காலத்தில் மருந்தை நிறுத்திக்கொள்ளும் சலுகை இங்கே இல்லை. மழைக்கு முன்பே தொடங்கித் தைவரை விடாமல் கொடுப்பது தெள்ளுக்குப் போதும்.

உண்ணிக்கு அது போதாது. மதுரைச் சமவெளியில் நாய்க்கு உயிராபத்து உண்டாக்குவது பெரும்பாலும் உண்ணிதான். பழுப்பு நாயுண்ணி எனப்படும் ரிப்பிசெஃபாலஸ் சாங்குவினியஸ் வறட்சியைத் தாங்கும், வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி, மூன்று முறையும் இறங்கிச் சுவர் வெடிப்பிலும் நிலைக்கதவு இடுக்கிலும் மாட்டிய படத்தின் பின்னும் ஒளிந்துகொள்ளும். இரத்தம் குடித்து ஊதிய ஒரு பெண் உண்ணி இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில் போகும். உணவின்றிப் பல மாதம் காத்திருக்கவும் அதனால் முடியும்.

உண்ணி பரப்பும் நோய்களின் வரலாற்றில் சென்னை மாகாணத்துக்குத் தனி இடம் உண்டு. டபிள்யூ. எஸ். பாட்டன் 1910இல் சென்னையின் வேட்டைநாய்க் கூட்டத்திலும், பின்னர் நரியிலும் கண்டு விவரித்த இரத்த ஒட்டுண்ணிதான் இன்று பபேசியா கிப்சோனை என்று உலகெங்கும் அறியப்படுகிறது. எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிரி 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதன் முதல் பதிவு 1944இல் சென்னையிலிருந்து முதலியார் என்ற ஆய்வாளரால் வெளிவந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தீனி மறுத்தல், ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை எர்லிக்கியா நோயின் அடையாளங்கள். தெள்ளோ இந்த அளவுக்குக் கொடியதன்று. கடியின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட நாய்கள் வாலடியைக் கடித்துக் கடித்து மயிரை இழக்கும். தெள்ளை விழுங்கும் நாய்க்கு டிபிலிடியம் என்ற நாடாப்புழு வரும். தரையில் தவழும் குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம். நாடாப்புழு கண்ட நாய்க்குப் பிராசிகுவான்டெல் கொடுத்தாலும், தெள்ளு ஒழியாதவரை புழு திரும்ப வந்துகொண்டே இருக்கும். நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் மனித நோய் இவற்றில் சேராது. அது புதர்க்காட்டு நுண்சிலந்திகளின் குஞ்சுகள் பரப்புவது. வீட்டு நாயைப் பழிப்பதற்கில்லை.

எனவே மருந்துக்கு முன் பூச்சியை அடையாளம் காண வேண்டும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, மயிருக்குள் ஓடும், தாவும். உண்ணி தாவாது, காதுமடல், விரலிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் கடித்தபடி அமர்ந்திருக்கும். தெள்ளு கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சம் காட்டிக்கொடுக்கும்: நாயை வெள்ளைத் துணிமேல் நிறுத்திச் சீப்பால் வாரி, விழும் கருந்துகள்மேல் ஈரம் பட்டால் செம்பழுப்புக் கறை பரவும். வெறும் மண்ணாக இருந்தால் பரவாது. இந்த எளிய சோதனையைச் செய்யாததால் வீணாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனெனில் கிராமப்புறத்தில் அதிகம் கைக்குக் கிடைக்கும் இரண்டு மருந்துகள் தெள்ளுக்குப் பயன்படவே மாட்டா. ஒன்று ஐவர்மெக்டின் ஊசி. மற்றது அமிட்ராஸ் கரைசல். ஐவர்மெக்டின் சொறிப்பூச்சிக்கும் குடற்புழுவுக்கும் ஆனது, தெள்ளைக் கொல்லாது. காலி போன்ற மேய்ப்பின நாய்களிலும் அவற்றின் கலப்புகளிலும் ஒரு மரபணுக் குறைபாட்டால் அது மூளைக்குள் நுழைந்து மயக்கத்தையும் சாவையும் உண்டாக்கலாம். அமிட்ராஸ் உண்ணிக்கும் டெமோடெக்ஸ் சொறிக்கும் கேட்கும், தெள்ளுக்குக் கேட்காது. சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் சிறு குட்டிக்கும் அது ஆகாது.

தெள்ளைக் கொல்லும் மருந்துகளில் பழையதும் மலிவானதும் பைரித்ராய்டு வகை. மாட்டு உண்ணிக்காக விற்கப்படும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் அடர்கரைசல்களை நாய்க்கும் ஊற்றுவது மதுரைப் பக்கம் சாதாரண வழக்கம். லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால் பெரும்பாலான நாய்கள் தாங்கிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் அளப்பவர் அரிது. மூடியளவில் ஊற்றுவோரே அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. மாட்டுண்ணிகள் இவ்வகை மருந்துகளுக்குப் பழகிவிட்டதை இந்தியாவின் பல மாநிலங்களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நாயுண்ணியிலும் இவ்வகையைச் சேர்ந்த பெர்மெத்ரினுக்கும், அடுத்துச் சொல்லப்போகும் ஃபிப்ரோனிலுக்கும் தாங்குதிறன் கண்டறியப்பட்டுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாயோடு பூனையும் வளரும் வீட்டில் பெர்மெத்ரினுக்கு இடமே இல்லை. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. மருந்து காயாத நாயின் முதுகில் உரசிப் படுத்த பூனை வலிப்பில் விழுவதுண்டு.

அடுத்தது பிடரியில் விடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் இவ்வகையில் முதன்மையானது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி ஒரு மாதம்வரை மெல்லக் கசியும். தனி ஃபிப்ரோனிலைவிட, முட்டையும் புழுவும் முற்றாமல் தடுக்கும் மெத்தோபிரீன் கலந்தது மேல். காரணம் முன்பே சொன்ன இருபதில் ஒரு பங்குக் கணக்கு. இமிடாகுளோப்ரிட் தெள்ளை விரைந்து கொல்லும், ஆனால் தனித்து நின்றால் உண்ணியைத் தொடாது. சொட்டு மருந்தின் எதிரி குளியல். விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் நாய் நனையக் கூடாது. வாரந்தோறும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டும் நகரத்து வீட்டிலும், கண்மாயில் இறங்கி நீந்தும் தோட்டத்து நாயிடமும் ஒரு மாத மருந்து இரண்டு வாரத்திலேயே தளரலாம். முயல் வளர்ப்போர் ஃபிப்ரோனிலை அறவே தவிர்க்க வேண்டும். முயலுக்கு அது நஞ்சு. தண்ணீர் பற்றிய கவலை வேறு வகையிலும் உண்டு. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த நீர் மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. செல்லப்பிராணி மருந்து அதற்கு முக்கியக் காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. மருந்திட்ட நாயை மீன் வளரும் கண்மாயில் கழுவும் வழக்கம் உள்ள ஊருக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

மென்று தின்னும் மாத்திரைகள் இந்தக் குளியல் சிக்கலைத் தீர்த்துவிட்டன. ஐசாக்சசோலின் என்ற இவ்வகையில் அஃபாக்சலேனர் 2013இலும், ஃபுளுராலேனர் 2014இலும், சரோலேனர் 2016இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ, சிம்பாரிகா என்ற பெயர்களில் இந்தியாவில் கிடைக்கின்றன. மருந்து நாயின் இரத்தத்தில் கலந்து, கடிக்கும் பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது. முதலாவதும் கடைசியும் ஒரு மாதம், ஃபுளுராலேனர் 12 வாரம் தாங்கும். வயிற்றில் உணவோடு கொடுத்தால்தான் ஃபுளுராலேனர் நன்றாக உட்கிரகிக்கப்படும். வெறும் வயிற்றில் கொடுத்துப் பயனில்லை என்று சொல்வோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. தெள்ளையும் உண்ணியையும் ஒருசேரப் பிடிப்பதால் மதுரை வீட்டு நாய்க்கு இன்று உள்ளவற்றில் மிகப் பொருத்தமானவை இவையே எனலாம். குறைகள் இரண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தபடி, சில நாய்களில் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு நேரலாம். முன்பே வலிப்பு கண்ட நாய்க்கு வேறு மருந்தைத் தேடுவதே முறை. மற்றது, உண்ணி கடித்த பிறகுதான் மருந்து அதற்குள் போகும். எர்லிக்கியா சில மணி நேரக் கடியிலேயே நாய்க்குத் தொற்றக்கூடியது. பபேசியாவுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் பிடிப்பதால் அதை மாத்திரை பெரும்பாலும் முந்திவிடும். எர்லிக்கியாவை எப்போதும் முந்தும் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் கழுத்துப்பட்டைக்கு மதிப்பு வருகிறது. ஃபுளுமெத்ரினோ டெல்டாமெத்ரினோ ஊறிய பட்டை, உண்ணியைக் கடிக்குமுன்பே விரட்டவும் செய்யும். ஃபுளுமெத்ரினோடு இமிடாகுளோப்ரிட் சேர்ந்த பட்டை எட்டு மாதம் வரை பயன் தரும் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரு விரல் நுழையும் அளவுக்குத் தோலோடு ஒட்டியிருந்தால்தான் மருந்து பரவும். அழகுக்காகத் தளர்த்தி மாட்டிய பட்டை வெறும் ஆபரணம். மீயொலி எழுப்பித் தெள்ளை விரட்டுவதாகச் சொல்லும் மின்பட்டைகளுக்குச் செலவிடுவது வீண்.

நாட்டு மருந்துகளை முற்றாக ஒதுக்குவதும் சரியன்று, அவற்றை மட்டும் நம்புவதும் சரியன்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை வைத்தியத்தைத் தொகுத்துப் பரப்பியவர். வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், பூண்டு, துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடித்து மாட்டின் உண்ணிக்குத் தெளிக்கும் முறை அவர் வழியே பால் பண்ணையாளரிடம் பரவியது. கொட்டகைச் சுவருக்கும் தரைக்கும் இதைத் தெளிக்கலாம். நாயின் உடலுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு தடை உண்டு: மாடு போலன்றி நாய் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும், பூண்டு அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நீர்த்த வேப்பெண்ணெய் பூச்சியை ஓரிரு நாள் விரட்டும், ஒழிக்காது. சீத்தாப்பழ விதைப்பொடி தெள்ளையும் பேனையும் கொல்வது உண்மைதான். கண்ணில் பட்டால் விழிப்படலத்தைப் புண்ணாக்குவதும் உண்மை. மண்ணெண்ணெய், ஃபினாயில், ஊதுபத்திச் சூடு ஆகியவை சிகிச்சையில் சேர்த்தியே இல்லை.

வயலுக்கு அடிக்கும் மருந்தை நாய்க்கு அடிப்பது இதைவிட ஆபத்து. திருமங்கலம், பேரையூர் கரிசலில் பருத்திக்கு வாங்கிய பூச்சிக்கொல்லி பல வீடுகளில் மிச்சமிருக்கும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அந்தப் புட்டிகளில் நச்சுத்தன்மைக்கேற்ப சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனச் சாய்சதுரக் குறி இருக்கும். கால்நடை மருந்திலோ விலங்குத் தலைப் படமும், விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்க வேண்டும் என்பது மருந்து விதி. படிக்கத் தெரியாதவரும் இந்த இரண்டு அடையாளத்தால் புட்டியை வேறுபடுத்திவிட முடியும்.

இனி நாய்க்கு நாய் தேர்வு மாறுவதைப் பார்க்கலாம். கே.கே. நகர் அடுக்குமாடியில் டைல்ஸ் தரையில் படுக்கும் லேப்ரடார், ஷீட்சு போன்றவற்றுக்கு மாத்திரை ஒன்றே பெரும்பாலும் போதும். மாலை நடையில் தெருநாய்கள் படுக்கும் மண்ணை மோப்பம் பிடிக்கும் நாயானால் பட்டையும் சேர்ந்தால் நல்லது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த வேட்டையினங்களை எடைபோட்டே மருந்து வாங்க வேண்டும். உயரத்தைப் பார்த்து மதிப்பிட்டால் எடை மிகையாகத் தோன்றும். பெரிய நாய்க்கான சொட்டு மருந்தையோ மாத்திரையையோ வாங்கி இரண்டு நாய்க்குப் பங்கிடும் சிக்கனமும் தவறாகவே முடிகிறது: மருந்து சமமாகப் பிரிவதில்லை. மாத்திரைகள் பொதுவாக எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிக்கே. அதற்குச் சிறியவற்றைச் சீப்பால் வாருவதும் மருத்துவர் அளந்து தரும் ஃபிப்ரோனில் தெளிப்பும்தான் வழி. ஈன்ற நாயின் படுக்கையைத் தினமும் மாற்றினால் குட்டியின் மேல் ஏறும் தெள்ளு குறையும். சினை நாய்க்கு எதைக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பணம் இல்லை என்பது உண்மையான காரணம். அதை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் அறிவுரை யாருக்கும் உதவாது. பெரிய நாய்க்கான மூன்று மாத மாத்திரை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கூலிக்குப் போகும் வீட்டில் அது பெரிய தொகை. அத்தகைய வீட்டில் சரியாக அளந்து கலந்த டெல்டாமெத்ரினை, பூனையும் மீன்தொட்டியும் இல்லாதபோது, மருத்துவர் சொன்ன இடைவெளியில் நாய்க்கும் படுக்கும் இடத்துக்கும் சேர்த்துத் தெளிப்பது, மாத்திரையை ஒரு முறை கொடுத்துவிட்டு அடுத்த முறை விட்டுவிடுவதைவிட நல்லது. இடையில் விட்டுப்போன தடுப்பு, தடுப்பே அன்று.

இடத்துக்குச் செய்யும் வேலைக்குச் செலவு குறைவு, உழைப்பு அதிகம். சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசிச் சித்திரை வெயிலில் இரண்டு பகல் போட்டால் எந்த மருந்துக்கும் அது இளைத்ததன்று. மண்தரைக் கொட்டகையில் மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டி எடுத்து எரித்துவிட்டுப் புதுமண் கொட்டலாம். உண்ணிக்குச் சுவர் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பதே நிலையான தீர்வு. ஊதுவிளக்கால் சுடும் பழக்கம் ஓலைக்கூரை உள்ள இடத்தில் தீயில் முடியும். நாய், ஆடு, கன்று என எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும்; ஆனால் நாய் மருந்தை ஆட்டுக்குப் போடக் கூடாது. பாலுக்கும் இறைச்சிக்கும் காத்திருப்பு நாள் கணக்கு உண்டு. கூட்டுப்புழுக்கள் தொடர்ந்து பொரிந்துகொண்டிருப்பதால், சரியான மருந்து தொடங்கிய பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு தென்படும். அதைக் கண்டு மருந்தை மாற்றிவிடாமல் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சுற்று அறும்.

தடுப்பு தொடரும்போதே நாய் சோர்ந்து தீனி மறுத்தால் காரணம் தெள்ளாக இருக்காது. இரத்தப் பரிசோதனை தேவை. அரசு மாட்டாஸ்பத்திரியில் வசதி இல்லாவிட்டால் தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. மருந்து தெளித்த சில மணி நேரத்தில் எச்சில் ஒழுகுதல், தசைத் துடிப்பு, தள்ளாட்டம் கண்டால், நாயைச் சாதாரணச் சோப்பு நீரில் கழுவி, நக்காதபடி துணி சுற்றி, மருந்துப் புட்டியோடு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது கூடாது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு அட்ரோபின் முறிவாகும். பைரித்ராய்டுக்கு அது முறிவன்று. எந்த ஊசி போடுவது என்பதை மருத்துவர் அந்தப் புட்டியின் லேபிளைப் பார்த்தே உறுதிசெய்வார்.